முப்பத்திரண்டரை அங்குல மார்பு

அந்த எண்ணெய் டின்னைக் கண்டாலே இன்பராஜுக்கு அருவருப்பு.

சிவகாசியில் தீப்பெட்டிச் சரக்கு வைக்கிற, பூட்டிக் கிடந்த ஒரு கிட்டங்கியைப் பிடித்துப் புரொபசர் சங்கிலிமுத்து தேகப்பயிற்சிக் கழகம் நடத்திக்கொண்டிருந்தார். வாசலை ஒட்டி அந்த டின் இருக்கும். உள்ளே நல்லெண்ணெய். பயிற்சிக்கு வருகிற இருபது பேரும் அதில் கையை விட்டு அள்ளி உடம்பில் பூசிக்கொள்வார்கள். பயிற்சி முடிந்ததும் மார்பிலும் முதுகிலும் வழிகிற எண்ணெயை உள்ளங்கையால் வழித்து அதே டின்னில் உதறிவிட்டுப் போவார்கள். அப்படிச் செய்யச் சொன்னது புரொபசர்தான். எண்ணெயின் மேல் முடி மிதக்கும். அடியில் சந்தனம் மாதிரி ஒரு வண்டல் படிந்திருக்கும். அது சந்தனமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்பராஜ் மூக்கைப் பிடித்துக்கொண்டு அள்ளிப் பூசிக்கொண்டான். அவனுக்கு வேறு வழி இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது அது. ஜூலை வந்தால் அவனுக்கு இருபத்தைந்து வயது முடிகிறது. ஜூன் மாதம் விருதுநகர் மைதானத்தில் போலீஸ் ஆள் எடுப்பு. உயரம் சரி, ஓட்டம் சரி, படிப்பும் சரி. மார்பு மட்டும் முப்பத்திரண்டு அங்குலம் வேண்டும். போன வருஷம் முப்பதரைதான் இருந்தது. "வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டுட்டு வாப்பா" என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷமும் தவறினால் வயது தாண்டிவிடும். அதற்கப்புறம் காலம் முழுக்கக் காலண்டர் அச்சாபீஸ் மெஷின்தான்.

அந்த மெஷினை நினைத்தால் அவனுக்கு விரல்கள் கூசும். கல்லில் வரைந்ததைத் தாளில் பதிக்கிற கல்லச்சு மெஷினுக்கு ஒவ்வொரு தாளாகக் கையால் கொடுக்கிற வேலை அவனுக்கு. தாளின் ஓரத்தைக் கவ்வி இழுக்க இரும்புப் பற்கள் வரிசையாக வாயைத் திறக்கும், மூடும். தாளோடு விரலையும் கவ்வினால் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. அவனுக்கு முன் அந்த மெஷினில் நின்றவர் ராக்கப்பன். இப்போது ராக்கப்பனுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. அதைக் காட்டித்தான் டீக்கடையில் கணக்குச் சொல்வார்.

ஆகவே இன்பராஜ் 'வஜ்ர முறை'யில் சேர்ந்தான்.

சங்கிலிமுத்து ஒரு காலத்தில் சந்தைகளில் மார்பைச் சுற்றிச் சங்கிலி கட்டி, மூச்சை இழுத்து அறுத்துக் காட்டியவர். புரொபசர் பட்டம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பத்துப் பாடம், மூன்று மாதம். நேரில் வருகிறவர்களுக்குக் கிட்டங்கியில், வெளியூர்க்காரர்களுக்குத் தபாலில். முதல் பாடத்தோடு கெட்டிக் காகிதத்தில் அச்சடித்த அங்குல டேப் ஒன்று இனாம்.

"சும்மா தூக்கி வைக்கிறது மாடு செய்யற வேலை" என்பார் புரொபசர். "முறையாத் தூக்கணும். முறையில்லாம வளர்ந்தது உடம்பில்லை, வீக்கம்."

முறைகள் பல. சிமெண்டு நிரப்பிய டின்னைக் கை ஓய்கிறவரை தூக்க வேண்டும். ஓய்ந்ததும் மூச்சு வாங்காமல் அதைவிடச் சின்ன டின். அதுவும் ஓய்ந்தால் அதைவிடச் சின்னது. இதற்குப் பெயர் படியிறக்கம். கை சுத்தமாக மேலே எழாதபோது பக்கத்திலிருப்பவன் இரண்டு விரலால் ஏந்திக் கொடுத்துத் தூக்க வைப்பது கைத்தாங்கல். ஒரு பயிற்சி முடிந்த நொடியில் இன்னொன்றைத் தொடங்குவது இரட்டைப் பூட்டு. முதல் பாடத்திலேயே ஆறு பச்சை முட்டையும், அரைத்த ஆட்டு ஈரலும் ஒரே தம்ளரில். இன்பராஜ் அதை விழுங்கிவிட்டுக் கிட்டங்கிக்குப் பின்னால் ஓடினான். அங்கே ஏற்கனவே இரண்டு பேர் குனிந்து நின்றார்கள்.

இதையெல்லாம் அச்சாபீசில் சொன்னபோது கண்ணுச்சாமி சிரித்த சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

கண்ணுச்சாமி கல் தேய்க்கிறவன். அச்சு முடிந்த கல்லின் மேல் மணலும் தண்ணீரும் போட்டு, இன்னொரு கல்லை வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம்வரை தேய்த்து, பழைய படத்தை அழித்துக் கொடுப்பது அவன் வேலை. நாற்பது அங்குல மார்பு அவனுக்கு. அது அவனுக்கே தெரியாது.

"ஏலே பயில்வான், பச்சை ஈரலையா குடிச்சே? எங்க வீட்டு நாய்கூட மோந்து பாத்துட்டுத்தாம்லே தின்னும்."

"உனக்கென்ன, பொறக்கும்போதே மலை மாதிரி பொறந்துட்டே."

"அது வாஸ்தவம். எங்க அய்யாவும் இப்படித்தான் இருந்தாரு. அவரு ஒரு முறையும் படிக்கலை. கம்மங்கஞ்சியைக் குடிச்சுட்டு ஆனைக்குட்டத்துல கமலை இறைச்சாரு."

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஞானதீபம் வந்தாள். விருதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தம்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்ததும் அவள் முகம் சுளித்தது. பாடப் புத்தகத்தை வாங்கி நின்றபடியே புரட்டினாள்.

"இது பலிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"புரொபசர் சொன்னாரு."

"மருந்து விக்கிறவனே மருந்துக்குச் சாட்சியாலே? ஒரு காரியம் பண்ணு. உனக்குக் கை ரெண்டு இருக்கு. வலது கைக்கு அவர் முறை. இடது கைக்கு ஒரு முறையும் வேண்டாம். அதே டின்னைத் தூக்கு, களைச்சா இறக்கி வை, இளைப்பாறிட்டு மறுபடி தூக்கு. மொத்தத் தடவை மட்டும் ரெண்டுக்கும் சமமா இருக்கட்டும். மூணு மாசம் கழிச்சு எது பெருத்திருக்குன்னு பாரு."

"மாருக்கு என்ன பண்றது? மாரு ஒண்ணுதானே இருக்கு?"

"மாருக்கு அவர் முறையையே பண்ணித் தொலை. அந்த ஈரலை மட்டும் விட்டுரு. புழு வரும்."

அன்றைக்கே முதல் பாடத்தோடு வந்த டேப்பால் அளந்து சுவரில் கரிக்கோடு போட்டாள். மார்பு முப்பதரை. கை இரண்டும் பத்தேகால்.

மூன்று மாதம் இன்பராஜ் அப்படியே செய்தான். வலது கை படியிறங்கியது, தாங்கலில் ஏறியது, பூட்டுப் போட்டது, எரிந்தது. இடது கை சாவகாசமாகத் தூக்கி, இறக்கி, இளைப்பாறியது. வலது கை வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது என்பது மட்டும் உண்மை. ஆனால் மறுநாள் மெஷினில் தாள் கொடுக்கும்போது வலது கைதான் நடுங்கியது. இரும்புப் பற்கள் திறந்து மூட, அவன் கர்த்தரை நினைத்துக்கொண்டான்.

ஒன்பதாம் பாடம் முடிந்த வாரத்தில், பத்தாம் பாடத்தோடு அனுப்பப் புது டேப் வேண்டுமென்று புரொபசர் ஆர்டர் கொடுத்தார். அந்தத் தாள் இன்பராஜின் மெஷினுக்கே வந்தது. அதே நாற்பது அங்குலத் தாள்தான், அதே முப்பத்தாறு எண்கள்தான். ஓரத்தில் மட்டும் முன்னைவிட ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வெள்ளை கூடியிருந்தது.

"என்ன ஃபோர்மேன், இந்தத் தடவை விளிம்பு பெரிசா இருக்கு?"

ஃபோர்மேன் கருப்பணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அடுத்த ஆர்டர்ல அங்கன ஒரு படம் போடணுமாம். உனக்கு நல்லதுதானே, விரலைத் தள்ளி வச்சுக்கலாம். பேசாமப் போடு" என்றார்.

உண்மைதான். விளிம்பு அகலமாக இருந்தால் விரலைப் பற்களிலிருந்து தள்ளியே வைக்கலாம். அந்த ஆர்டர் முழுவதும் இன்பராஜ் நிம்மதியாகத் தாள் கொடுத்தான். ஒன்பதாயிரம் டேப். பாட்டுக்கூட முணுமுணுத்தான்.

பத்தாம் பாடத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'பழைய டேப் வியர்வையில் நைந்திருக்கும். கிழித்தெறிந்துவிட்டுப் புதிய டேப்பால் மட்டுமே அளக்கவும்.'

அளந்தான். மார்பு முப்பத்திரண்டரை!

அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய் டின், பச்சை முட்டை, நடுக்கம் எல்லாவற்றையும் அந்த நிமிஷம் மன்னித்தான். பிறகு கைகளை அளந்தான். வலது கை பதினொன்று. இடது கையும் பதினொன்று.

"எப்படி புரொபசர்? இடது கைக்கு நான் உங்க முறையைப் பண்ணவே இல்லையே?"

புரொபசர் அவன் இடது கையைப் பிடித்துப் பார்த்தார். ஆட்டை விலை பேசுகிறவரைப் போல அழுத்திப் பார்த்தார்.

"ரத்தம் ஒண்ணுதானே தம்பி? வலது கையில ஊறின சத்து இடது கைக்கும் கசிஞ்சிருக்கு. வஜ்ர முறையோட பெருமையே அதுதான்."

அப்படியே அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, டின்னிலிருந்து எண்ணெயை அள்ளித் தம் கையாலேயே பூசி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்.

தேர்வுக்கு முதல் நாள் விருதுநகருக்குப் போய் அக்கா வீட்டில் இறங்கினான். ஞானதீபம் அவன் மேற்கையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். தினமும் ஐம்பது பேருக்கு ஊசி போடுகிற கை அது.

"முக்கால் அங்குலமா ஏறியிருக்கு? எனக்கு அப்படித் தெரியலையேலே. இரு, ஆஸ்பத்திரி டேப்பை எடுத்துட்டு வாரேன்."

"சும்மா இருங்கக்கா! நாளைக்கு அளக்கத்தான் போறாக. எல்லாத்துலயும் உங்களுக்குச் சந்தேகம்."

அவள் இட்டிலித் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மைதானத்தில் வெயில் ஏறுமுன்பே முந்நூறு பேர் இடுப்புத் துண்டோடு வரிசையில் நின்றார்கள். இன்பராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றான். மீசைக்கார ஏட்டையா துணி டேப்பைச் சுற்றினார்.

"முப்பத்தொண்ணு. அடுத்த ஆளு."

"ஐயா! முப்பத்திரண்டரை ஐயா. தயவுசெஞ்சு இன்னொரு தடவை பாருங்க."

ஏட்டையா இன்னொரு தடவை பார்த்தார். "முப்பத்தொண்ணு. மூச்சை இழுத்துப் பிடிச்சாலும் முப்பத்திரண்டு வராது. போப்பா."

இன்பராஜ் ஓடிப்போய்ச் சட்டைப் பையிலிருந்து காகித டேப்பைக் கொண்டுவந்தான். "இதுல அளந்து பாருங்க. அச்சடிச்ச டேப்பு ஐயா, நானே அச்சடிச்சது."

ஏட்டையா அதை வாங்கி மேஜை மேல் துணி டேப்புக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார். நுனியும் நுனியும் சேர்த்தார். விரலால் தடவிக்கொண்டே போனார். காகிதத்தில் முப்பத்திரண்டரை வந்த இடத்தில் துணியில் முப்பத்தொன்றுதான் இருந்தது.

முதலில் அவர் சிரித்தார். பிறகு மேஜையில் இருந்த இன்ஸ்பெக்டரும் சிரித்தார்.

"இந்த டேப்புல அளந்தா எங்க வீட்டுப் பூனையும் புலிதான்யா! ஏம்பா, அந்த வரிசையில வேற யாராவது இந்த டேப்பு வச்சிருக்கீகளா?"

வரிசையில் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவன் வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவன். காலெல்லாம் புழுதி. இடுப்புத் துண்டின் முடிச்சில் மடித்து வைத்திருந்த டேப்பை அவன் மெல்ல எடுத்து, பிரித்து, பார்த்துக்கொண்டே நின்றான். ஓரமெல்லாம் சுத்தமான வெள்ளை விளிம்பு.

அந்த விளிம்பைப் பார்த்ததும்தான் இன்பராஜுக்கு உறைத்தது. எண் முப்பத்தாறு, தாள் நாற்பது, அப்படியிருக்க வெள்ளை எங்கிருந்து கூடியது? ஒவ்வோர் அங்குலத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடித்தான் அந்த வெள்ளை கூடியிருக்கிறது. விரல் தப்பியது என்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஒன்பதாயிரம் தடவை அந்தத் திருட்டைத் தன் கையாலேயே மெஷினுக்குக் கொடுத்திருக்கிறான்.

மைதானத்து வேப்பமரத்தடியில் போய் வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றும் இல்லை. எண்ணெய் நாற்றம் மட்டும் தொண்டைவரை வந்தது.

மறுநாள் காலை அச்சாபீசில் புரொபசர் நின்றுகொண்டிருந்தார். புது ஆர்டர், இருபதாயிரம். மெஷின் பக்கத்தில் தள்ளுவண்டி மேல் கல் தயாராக இருந்தது. குறுக்கப்பட்ட அங்குலங்கள் வரிசையாக ஓட, ஓரத்து வெள்ளையில் இன்பராஜே நின்றான், எண்ணெய் மினுங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கீழே எழுத்துக்கள் இடம் வலம் மாறிக் கிடந்தன. அவற்றை நேராகப் படிக்க அவனுக்குப் பழக்கம் உண்டு. 'மூன்றே மாதத்தில் மார்பு இரண்டு அங்குலம் பெருத்த சிவகாசி இளைஞர்.'

"வா தம்பி, வா! தேர்வு என்னாச்சு?"

"டேப்பு பொய் புரொபசர். போலீஸ் டேப்புல முப்பத்தொண்ணுதான்."

புரொபசர் பதறவில்லை. மார்பைத் தடவிக்கொண்டார். "உடம்பு வளர்றதுக்கு முன்னால மனசு வளரணும் தம்பி. பெருத்துட்டோம்னு நம்பினாத்தான் ஒருத்தன் மேலே மேலே தூக்குவான். உன் மனசுக்கு நான் ஒன்றரை அங்குலம் கொடுத்தேன். அது தப்பா?"

"என் வயசு தாண்டிப் போச்சு. இனிமே எனக்குத் தேர்வே இல்லை. வெம்பக்கோட்டையிலேருந்து ஒருத்தன் நடந்தே வந்தான், தெரியுமா உங்களுக்கு?"

"ஒருத்தன் ரெண்டு பேருக்குப் பலிக்காது. அதுக்கு முறை என்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் புரொபசர் ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள முதல் லோடு வேணும்ங்க. தபாலாபீஸ் மூடிருவாக."

கருப்பணன் இன்பராஜின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சாப்பாட்டு மணி அடிச்சிருச்சு. சாப்பிட்டு வந்து மெஷினை ஓட்டு. முதலாளி ஆர்டர் எடுத்தாச்சு. டேப்பு நீளமோ குட்டையோ, நமக்கென்ன?"

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். இன்பராஜ் கல்லின் முன்னால் நின்றான். கல்லில் அவன் வலது கை இடது கையாகத் தெரிந்தது, இடது கை வலது கையாக. எது முறை பார்த்த கை, எது முறை பார்க்காத கை என்று யாராலும் சொல்ல முடியாது. அவனுக்குத் தன் உடம்பைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அந்த அச்சாபீசில் ஒரு வழக்கம் உண்டு. அச்சு முடிந்த கல்லின் மேல் ஃபோர்மேன் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி விழுந்த கல்லைக் கண்ணுச்சாமி தள்ளிக்கொண்டுபோய்த் தேய்த்துவிடுவான். கேள்வி கிடையாது.

இன்பராஜ் ஃபோர்மேன் மேஜையிலிருந்து சாக்பீஸை எடுத்தான். எண்ணெய் பூசிய அந்த மார்பின் குறுக்கே பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டான்.

தூக்குச்சட்டியைக் கழுவிவிட்டு வந்த கண்ணுச்சாமி கல்லைப் பார்த்தான். இன்பராஜைப் பார்த்தான். அவன் விரலில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளையும் பார்த்தான்.

"இது இன்னும் ஓடவே இல்லையேலே?"

"குறி இருக்கா இல்லையா?"

கண்ணுச்சாமி பல் குத்திக்கொண்டிருந்த குச்சியை எறிந்தான். "இருக்கு. போட்டது யாருன்னு எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்த மணல் டின்னை எடு."

இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். மணலைத் தூவித் தண்ணீரைத் தெளித்து மேல்கல்லை வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தேய்த்தார்கள். எண்கள் கரைந்தன. வாசகம் கரைந்தது. கடைசியில் மார்பும் கரைந்து, மூக்குச்சளி போன்ற சாம்பல் நிறக் கூழாகக் கல்லின் ஓரத்தில் வழிந்தது. இன்பராஜ் அதை உள்ளங்கையால் வழித்துத் தரையில் உதறினான்.

கருப்பணன் வந்து பார்த்தபோது கல் வெற்றாக இருந்தது. அவர் போட்ட கூச்சலில் புரொபசரும் ஓடிவந்தார்.

"யாருலே குறி போட்டது?"

"நான்தான் ஃபோர்மேன்."

புரொபசர் வாயிலிருந்து வந்ததெல்லாம் சந்தைக் கடையில் பழகிய வார்த்தைகள். அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தபோது கண்ணுச்சாமி மேல்கல்லைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. புரொபசர் கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார். சிவகாசியில் அச்சாபீஸ் இது ஒன்றுதானா என்று கத்திக்கொண்டே வெளியே போனார். அதுவும் நிஜம்தான். அடுத்த தெருவிலேயே நாலு இருந்தன.

கருப்பணன் மேஜையிலிருந்த இரும்பு ஸ்கேலை எடுத்து, மிச்சமிருந்த ஒரு டேப்பின் மேல் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஆனா நீ இனிமே மெஷின்ல ஏறக் கூடாது. கல் தேய்க்கத்தான் லாயக்கு. இங்கனயே கிட."

அவர் அதைத் தண்டனையாகத்தான் சொன்னார். இன்பராஜ் தன் பத்து விரல்களையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ஏலே பயில்வான்," என்றான் கண்ணுச்சாமி, "எல்லாம் போகட்டும். கடைசியில எந்தக் கை பெருத்துச்சு? அதைச் சொல்லு."

பார்சல் கட்டுகிற சணல் கயிற்றை எடுத்து இன்பராஜின் வலது கையைச் சுற்றி, இரும்பு ஸ்கேலில் நீட்டினான். பத்தரை. இடது கையைச் சுற்றி நீட்டினான். பத்தரை.

"ரெண்டும் ஒண்ணுதான். கால் அங்குலம் ஏறியிருக்கு" என்றான் இன்பராஜ்.

"அப்போ அந்தப் படியிறக்கம், பூட்டு, சாவி எல்லாம்?"

"தூக்கினதுக்கு ஏறியிருக்கு. அம்புட்டுத்தான்."

"இதுக்கா பச்சை ஈரலைக் குடிச்சே?" என்று கண்ணுச்சாமி காறித் துப்பினான்.

இன்பராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. தபாலில் போய்விட்ட ஒன்பதாயிரம் டேப்புகள் எந்தெந்த ஊரில் எவனெவன் இடுப்பு முடிச்சில் இருக்கின்றனவோ என்று நினைத்தான். எண்ணெய் நாற்றம் இன்னும் தோலில் இருந்தது. ஒரு பிடி மணலை அள்ளி, தண்ணீரைத் தொட்டு, இரண்டு கைகளையும் தோள்வரை, சிவக்கச் சிவக்கத் தேய்த்தான்.